சூரிச் தடகள இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரஜ் சோப்ரா ஈட்டி எறிவதைப் பார்க்கத் தூக்கத்தைத் துறந்து உட்கார்ந்தவர்கள், ஈட்டிக்கு முன்னும் பின்னும் நடந்த ஓட்டங்களையும் தாண்டல்களையும் சேர்த்தே பார்த்தார்கள். கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பின. இது என்ன போட்டி, ஏன் யார் நெஞ்சிலும் நாட்டுக் கொடி இல்லை, ஓட்டத்தின் நடுவில் ஒருவர் ஏன் பாதியிலேயே ஒதுங்கிப் போகிறார்? ஒருநாள் தடகளப் போட்டிகளில் மிகப் பழமையானவற்றில் ஒன்றான சூரிச் போட்டியை வைத்து இவற்றுக்குப் பதில் சொல்லப் பார்க்கலாம்.

வெல்ட்கிளாசே சூரிச் என்பது என்ன?

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ நடக்கும் சர்வதேசத் தடகளப் போட்டி. முதல் போட்டி 1928இல் நடந்தது. இடம் லெட்சிகிரவுண்ட் மைதானம். பழைய மைதானம் 1925இல் கட்டப்பட்டது. அதை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பியதை 2007இல் திறந்தார்கள். தடகளத்துக்குச் சுமார் 25 ஆயிரம் பேர் உட்காரலாம். மற்ற நாட்களில் கால்பந்துதான். ஓடுதளத்தை ஒட்டி நிற்கும் ரசிகர்கள் விளம்பரப் பலகைகளைக் கையால் தட்டி எழுப்பும் சத்தம் இந்த மைதானத்தின் அடையாளம். கடைசிச் சுற்றில் ஓடுபவர்களோடு சேர்ந்து அந்தத் தட்டலும் மைதானத்தைச் சுற்றி வரும்.

'ஒருநாள் ஒலிம்பிக்' என்று இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் உலகின் முதல் வரிசை வீரர்கள் இத்தனை பேர் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து போவது வேறு எங்கும் அவ்வளவு எளிதில் அமைவதில்லை.

ஒலிம்பிக்கும் உலக சாம்பியன்ஷிப்பும் இருக்கும்போது இது எதற்கு?

ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, உலக சாம்பியன்ஷிப் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நடுவில் ஒரு தடகள வீரர் எதை வைத்துப் பிழைப்பார்? ஐரோப்பாவின் கோடைக்காலப் போட்டிகள்தான் பதில். ஆஸ்லோ, ரோம், பாரிஸ், லோசான், மொனாக்கோ, லண்டன், பிரசெல்ஸ் என்று ஊர் ஊராகப் போய் ஓடிச் சம்பாதிக்கிறார்கள். இங்கே தகுதிச் சுற்று கிடையாது, அரையிறுதி கிடையாது. அழைக்கப்பட்ட எட்டுப் பேரோ பத்துப் பேரோ வருவார்கள், ஒரே ஓட்டம், முடிந்தது. நாட்டுக்காக வருவதில்லை என்பதால் காலணி நிறுவனம் கொடுத்த சட்டையோடு ஓடுவார்கள். ஒரே நிறுவனத்தின் ஆட்கள் நாலைந்து பேர் ஒரே வண்ணத்தில் வரிசையாக நின்றால் யார் யார் என்று புரியாமல் பார்ப்பவர் திணறுவதும் உண்டு.

பதக்கமும் இல்லை. சூரிச்சில் ஜெயித்ததைப் பிறகு ஒலிம்பிக் தங்கத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர் யாருமில்லை. அதனால்தான் இங்கே வீரர்கள் துணிந்து விளையாடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதியில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போய், கடைசி 300 மீட்டரில் பாய்வது அடிக்கடி நடக்கும். சூரிச்சில் அப்படி ஓடினால் கூட்டம் மன்னிக்காது.

டயமண்ட் லீகுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டயமண்ட் லீக் என்பது 2010இல் தொடங்கிய தொடர். பல நகரங்களில் நடக்கும் ஒருநாள் போட்டிகளின் சங்கிலி அது. சூரிச் அதில் ஒரு கண்ணி. ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 16 என்று மொத்தம் 32 பிரிவுகள். ஒவ்வொரு போட்டியிலும் முதலிடத்துக்கு 8 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 7 என்று குறைந்துகொண்டே வந்து எட்டாமிடத்துக்கு 1. தொடர் முடியும்போது புள்ளிப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். எறிதல், தாண்டுதல் பிரிவுகளில் 6 பேர், 800 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் 8 பேர், அதற்கு மேல் 10 பேர். போட்டி நடத்தும் நாட்டின் வீரர் ஒருவர் சிறப்பு அனுமதியில் சேர்ந்துகொள்வதும் உண்டு.

முதலில் சில ஆண்டுகள் சூரிச்சும் பிரசெல்ஸும் இறுதிப் பிரிவுகளைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 2021 முதல் ஒரே நகரம். 2021இலும் 2022இலும் சூரிச், 2023இல் அமெரிக்காவின் யூஜீன், 2024இல் பிரசெல்ஸ், 2025இல் மறுபடி சூரிச்.

புள்ளிக் கணக்குக்கு ஓர் உதாரணம்: 2025இல் நீரஜ் தோஹாவில் இரண்டாமிடம், பாரிஸில் முதலிடம். 7ம் 8ம் 15 புள்ளி. இரண்டே போட்டிகளில் இறுதிக்குப் போய்விட்டார்.

பரிசுத்தொகை எவ்வளவு?

வழக்கமான டயமண்ட் லீக் போட்டியில் ஒரு பிரிவில் வெல்பவருக்கு 10,000 டாலர், இறுதிப் போட்டியில் வெல்பவருக்கு 30,000 டாலர். இதுதான் அடிப்படைத் தொகை. 2025 முதல் ஒவ்வொரு போட்டியிலும் தேர்ந்தெடுத்த சில பிரிவுகளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தருகிறார்கள். பெரிய நட்சத்திரங்களுக்கு வருகைக் கட்டணம் தனி. அது வீரரின் முகவரும் போட்டி அமைப்பாளரும் பேசி முடிப்பது, வெளியே வராது. கிரிக்கெட் பணத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் சில்லறையாகத் தெரியலாம். எட்டாவதாக வருகிற ஓட்டக்காரரைக் கேட்டால் இன்னும் சுருங்கிய கணக்கு கிடைக்கும்.

முன்பு இதைவிடக் கவர்ச்சியாக ஒன்று செய்தார்கள். 1993இல் ஆஸ்லோ, சூரிச், பிரசெல்ஸ், பெர்லின் நான்கும் 'கோல்டன் ஃபோர்' என்று கைகோத்து, நான்கிலும் வெல்பவர்களுக்கு ஒரு கிலோ தங்கக் கட்டிகள் இருபதை அறிவித்தன. 1994இல் தடை ஓட்டக்காரர் கொலின் ஜாக்சனும் நீளம் தாண்டும் மைக் பவலும் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1998இல் அது 'கோல்டன் லீக்' ஆகி, பத்து லட்சம் டாலர் என்றானது. ஒரு போட்டியில் தோற்றாலும் எல்லாம் போச்சு என்ற விதி. பார்ப்பதற்கு அந்த முறைதான் சுவாரஸ்யமாக இருந்தது. இன்றைய புள்ளிப் பட்டியலில் அந்தப் படபடப்பு இல்லை.

சூரிச்சில் இத்தனை உலக சாதனைகள் எப்படி வந்தன?

பாதி காரணம் நேரம். கோடைக்காலப் பருவத்தின் உச்சத்தில், வீரர்கள் நல்ல நிலையில் இருக்கும்போது போட்டி வருகிறது. மீதிப் பாதி ஏற்பாடு. 1970களிலிருந்து 1990களின் கடைசி வரை இதை நடத்திய ஆண்ட்ரியாஸ் புரூகர் யாரை யாரோடு மோதவிட வேண்டும் என்று தெரிந்தவர்.

1981 ஆகஸ்ட் 19: ரெனால்டோ நெகமையா 110 மீட்டர் தடை ஓட்டத்தை 12.93 விநாடியில் ஓடினார். 13 விநாடிக்குள் அதை முடித்த முதல் மனிதர். அதே இரவில் செபாஸ்டியன் கோ மைல் ஓட்டத்தில் 3 நிமிடம் 48.53 விநாடி. ஒரு வாரம் கழித்து ஸ்டீவ் ஓவெட் அதை முறியடித்தார். இரண்டே நாளில் கோ பிரசெல்ஸில் திரும்ப எடுத்துக்கொண்டார்.

1995 ஆகஸ்ட் 16: எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 5000 மீட்டரை 12 நிமிடம் 44.39 விநாடியில் ஓடி, பழைய சாதனையிலிருந்து ஏறக்குறைய 11 விநாடியை வெட்டினார். 5000 மீட்டரில் ஒரு விநாடி, இரண்டு விநாடி குறைவதே செய்தி. பதினொன்று என்பது நம்ப முடியாதது. அந்தப் பழைய சாதனையை வைத்திருந்தவர் கென்யாவின் மோசஸ் கிப்டானுய். அவரும் அன்று அதே மைதானத்தில்தான் இருந்தார். ஒரு சாதனையைப் பறிகொடுத்த அதே இரவில் ஸ்டீபிள்சேஸை (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஓட்டம்) 7 நிமிடம் 59.18 விநாடியில் முடித்து, 8 நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆளாகவும் ஆனார்.

1997 ஆகஸ்ட் 13தான் உச்சம். ஒரே மாலையில் மூன்று உலக சாதனைகள். 800 மீட்டரில் டென்மார்க்குக்காக ஓடிய வில்சன் கிப்கேட்டர் 1 நிமிடம் 41.24 விநாடி. ஸ்டீபிள்சேஸில் கென்யாவின் வில்சன் போயிட் கிப்கேட்டர் 7 நிமிடம் 59.08 விநாடி. 5000 மீட்டரில் மறுபடி கெப்ரசெலாசி, 12 நிமிடம் 41.86 விநாடி. (இரண்டு வில்சன் கிப்கேட்டர்களும் வேறு வேறு ஆட்கள்.) இதைவிட வேடிக்கை, இந்த மூன்று சாதனைகளும் அந்த மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒன்பதாம் நாள் டேனியல் கோமன் பிரசெல்ஸில் 5000 மீட்டர் சாதனையை முறியடித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து கொலோனில் மற்ற இரண்டும் போயின. 800 மீட்டரை முறியடித்தது அதே வில்சன் கிப்கேட்டர்தான்.

நின்று நிலைத்ததும் உண்டு. 2009இல் கோலூன்றித் தாண்டும் யெலினா இசின்பயேவா பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் ஓர் உயரத்தைக்கூடத் தாண்டாமல் வெளியேறினார். பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, சூரிச்சில் 5.06 மீட்டர். இவ்வளவு காலம் போன பிறகும் பெண்கள் பிரிவின் உலக சாதனை அதுதான்.

முன்னால் ஓடிவிட்டுப் பாதியில் விலகுகிறவர் யார்? அது ஏமாற்று இல்லையா?

அவர் பேஸர். குறிப்பிட்ட வேகத்தில் முதல் சில சுற்றுகளை இழுத்துக் கொடுப்பதற்காகக் கூலி வாங்கிக்கொண்டு ஓடுபவர். முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும், வேகத்தைக் கணக்குப் பார்க்கும் தலைவலியும் இருக்காது. விதிப்படி அனுமதி உண்டு. அவரும் போட்டியாளர் பட்டியலில் இருப்பவர்தான். விலகாமல் கடைசி வரை ஓடி ஜெயித்தாலும் செல்லும். அப்படி ஜெயித்த பேஸர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அதற்கு மேல் ஒன்று: ஓடுதளத்தின் உள் ஓரத்தில் சிறு விளக்குகள் வரிசையாக எரிந்து ஓடிக்கொண்டே வரும். சாதனை வேகத்துக்கு அவற்றை முடுக்கிவிடுவார்கள். விளக்குக்கு முன்னால் இருந்தால் சாதனை கைக்கெட்டும் தூரத்தில் என்று பார்ப்பவருக்கும் உடனே புரியும்.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று கிலோமீட்டர் வரை பேஸர் இழுத்து, மீதிக்கு விளக்கு இழுத்து, கடைசியில் ஒருவர் தனியாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, இரண்டு பேர் தோளோடு தோள் உரசி வருவதுதான் எனக்குப் பிடித்த ஓட்டம். 2025 இறுதியில் 200 மீட்டரில் நோவா லைல்ஸ் 19.74, லெட்சிலே டெபோகோ 19.76. சாதனை எதுவும் இல்லை. இருக்கையின் நுனிக்கு வரவைத்தது அதுதான்.

1960இல் ஒரே மாலையில் ஒருவர் இரண்டு முறை 100 மீட்டர் ஓடினாராமே?

ஆமாம், ஜெர்மனியின் ஆர்மின் ஹாரி. 1960 ஜூன் 21, லெட்சிகிரவுண்ட். 100 மீட்டரை 10.0 விநாடியில் முடித்தார், நடுவர்கள் கையால் அழுத்தி நிறுத்தும் கடிகாரக் கணக்கில். அதுவரை யார் பெயரிலும் உலக சாதனையாக ஏற்கப்படாத நேரம். ஆனால் தொடக்கம் சரியில்லை என்று அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள். அரை மணி நேரம் போல இடைவெளி விட்டு மறுபடி ஓடினார். மறுபடியும் 10.0! இந்த முறை தொடக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. மின்கடிகாரம் அதை 10.25 என்று காட்டியது. அப்போதைய சாதனைக் கணக்கு கையால் நிறுத்தும் கடிகாரத்தை வைத்துத்தான். அந்த ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிலும் ஹாரிக்குத் தங்கம்.

இன்றாக இருந்தால் இரண்டாவது வாய்ப்பே கிடைத்திருக்காது. 2010 முதல் ஒரே ஒரு தவறான தொடக்கத்துக்கே வெளியேற்றம்தான். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.100 விநாடிக்குள் கால் பலகையில் அழுத்தம் பதிவானாலும் அது தவறுதான். மனிதக் காதும் காலும் அதைவிட வேகமாக இணைய முடியாது என்ற கணக்கு.

கார்ல் லூயிஸ், பென் ஜான்சன் இங்கே மோதினார்களா?

1988 ஆகஸ்ட் 17இல் 100 மீட்டரில் மோதினார்கள். லூயிஸ் 9.93 விநாடியில் முதல், கால்வின் ஸ்மித் இரண்டாவது, ஜான்சன் 10.00 விநாடியோடு மூன்றாவது. ஐந்து வாரம் கழித்து சோல் ஒலிம்பிக்கில் ஜான்சன் 9.79 ஓடியதும், ஊக்கமருந்தில் சிக்கித் தங்கத்தை இழந்ததும் எல்லோருக்கும் தெரியும். சூரிச் ஓட்டம் அந்தக் கதையின் அடிக்குறிப்பாகிவிட்டது. அதே இரவில் புட்ச் ரெனால்ட்ஸ் 400 மீட்டரை 43.29இல் ஓடி, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு நின்ற லீ எவன்ஸின் சாதனையை உடைத்தார். மறுநாள் பேச்சு மட்டும் 100 மீட்டரைப் பற்றித்தான்.

நீரஜ் சோப்ராவுக்கு சூரிச் ராசியான ஊரா?

ராசி என்று சொன்னால் பாதிதான் சரி.

2018இல் முதல் அனுபவம். 85.73 மீட்டர் எறிந்து நான்காமிடம். மூன்றாவதாக வந்த தோமஸ் ரோலர் 85.76. மூன்று சென்டிமீட்டர்! அப்போது நீரஜுக்கு வயது 20.

2022 செப்டம்பர் 8 அன்று கணக்கு நேரானது. அந்த ஜூலையில் யூஜீன் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கும்போது காயம்பட்டு காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டவர், ஆகஸ்ட் கடைசியில் லோசானில் 89.08 எறிந்து இந்தியாவின் முதல் டயமண்ட் லீக் வெற்றியைப் பெற்றார். அது கொடுத்த இடத்தில்தான் சூரிச் இறுதிக்கு வந்தார். முதல் எறி ஃபவுல். இரண்டாவது எறி 88.44. அதற்கு மேல் யாரும் போகவில்லை. செக் நாட்டின் யாக்குப் வாட்லெய்ச் 86.94 மீட்டரோடு நின்றுவிட்டார். டயமண்ட் லீக் கோப்பையை வென்ற முதல் இந்தியர் அன்று உருவானார்.

2023இல் புடாபெஸ்டில் உலக சாம்பியனான நான்காம் நாள் சூரிச்சுக்கு வந்து 85.71. வாட்லெய்ச் 85.86, நீரஜ் இரண்டாவது. 2025 இறுதியில் ஜெர்மனியின் ஜூலியன் வெபர் முதல் எறியிலேயே 91.37, அடுத்ததில் 91.51 என்று போட்டியை அங்கேயே முடித்துவிட்டார். நீரஜ் மூன்று ஃபவுல்களோடு மூன்றாமிடத்தில் தவித்துக்கொண்டிருந்து, கடைசி எறியில் 85.01 எட்டி கெஷோர்ன் வால்காட்டைத் தாண்டி இரண்டாமிடம் பிடித்தார். 2023 யூஜீன், 2024 பிரசெல்ஸ், 2025 சூரிச் என்று மூன்று இறுதிகளிலும் தொடர்ந்து இரண்டாமிடம். பிரசெல்ஸில் ஆண்டர்சன் பீட்டர்சிடம் தோற்றது ஒரே ஒரு சென்டிமீட்டரில்.

90 மீட்டருக்கே இவ்வளவு பேச்சு. முன்பு 100 மீட்டருக்கு மேல் எறிந்தார்களே?

அது பழைய ஈட்டி. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்ததும், மைதானம் போதாது, யார் மீதாவது பாயும் என்ற பயம் வந்துவிட்டது. 1986 முதல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை முன்பக்கம் நகர்த்தினார்கள். மூக்கு சீக்கிரம் கீழே இறங்கும், தூரம் குறையும். எடை மட்டும் பழையபடி 800 கிராம்தான்.

ரயில் நிலையத்தில் குண்டு எறிந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2011 முதல் சில ஆண்டுகள் முந்தின நாள் மாலை குண்டு எறிதலை சூரிச் தலைமை ரயில் நிலையத்தின் கூடத்துக்குள்ளேயே நடத்தினார்கள். பின்னால் கோலூன்றித் தாண்டுதலையும் அங்கே கொண்டுபோனார்கள். பெட்டியும் கையுமாக ரயில் பிடிக்கப் போகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். 2021இல் ஒருபடி மேலே போய், ஓபரா அரங்கின் முன்னாலுள்ள செக்சலாய்டன் சதுக்கத்தில் 560 மீட்டர் சுற்றளவுக்குத் தற்காலிக ஓடுதளம் போட்டு 5000 மீட்டரையே ஓடவிட்டார்கள். 32 பிரிவுகளையும் ஒரே மாலைக்குள் அடக்க முடியாததால்தான் இறுதிப் போட்டி இரண்டு நாளாகிறது. அந்த முதல் நாளை ஊருக்குள் கொண்டுவந்தது நல்ல யோசனை.

சங்கிலிக் குண்டு எறிதல் ஏன் இல்லை?

அந்த 32இல் அதற்கு இடமில்லை. பெரிய வலைக்கூண்டு வேண்டும், எறியும்போது புல்தரையில் வேறு யாரும் இருக்க முடியாது, விழுகிற இடத்தில் குழி விழும். கால்பந்துக்காகப் பொத்திப் பொத்தி வளர்க்கும் புல்லைக் குழிபறிக்க எந்த மைதானக்காரருக்கும் மனம் வராது. காரணங்கள் புரிகின்றன. ஆனாலும் ஒலிம்பிக்கில் இருக்கிற ஒரு பிரிவை ஆண்டு முழுக்க ஒதுக்கிவைப்பது நியாயமில்லை. 10,000 மீட்டர், நடைப்போட்டி, டெக்கத்லான் ஆகியவையும் இல்லை. அவை நீளமானவை, தொலைக்காட்சியின் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்காது.

நம் பக்கம் இப்படிப்பட்ட போட்டி உண்டா?

டயமண்ட் லீக் இந்தியாவுக்கு வந்ததில்லை. 2025 ஜூலை 5 அன்று பெங்களூருவில் நீரஜ் பெயரிலேயே சர்வதேச ஈட்டி எறிதல் போட்டி நடந்தது. நீரஜ் 86.18 மீட்டரோடு முதல், கென்யாவின் ஜூலியஸ் யேகோ இரண்டாவது, இலங்கையின் ருமேஷ் பத்திரகே மூன்றாவது. ஒரே பிரிவுக்காக ஒரு மைதானம் திரண்டது நமக்குப் புதுசு.

சுவிட்சர்லாந்தில் சூரிச், லோசான் தவிர சிறு போட்டிகளும் உண்டு, அவற்றையும் கவனியுங்கள். இலங்கையின் யுபுன் அபேகோன் 2022 ஜூலை 3 அன்று 9.96 விநாடியில் 100 மீட்டர் ஓடி, 10 விநாடிக்குள் ஓடிய முதல் தெற்காசியரானது லா ஷோ-டி-ஃபோன் என்ற மலையூரில்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். காற்று அடர்த்தி சற்றுக் குறைவு, ஓட்டக்காரருக்கு அது சாதகம்.

நம் நேரப்படி எப்போது பார்க்கலாம்?

கோடையில் சூரிச்சைவிட நாம் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம்; இலங்கைக்கும் இதே கணக்கு. முக்கிய நிகழ்ச்சிகள் அங்கே இரவு 8 மணி வாக்கில் தொடங்கும், அதாவது இங்கே பதினொன்றரை. முடியும்போது ஒன்றரை ஆகிவிடும். இன்னொன்று: ஈட்டியும் தாண்டல்களும் ஓட்டங்களோடு ஒரே நேரத்தில் நடப்பதால், ஒளிபரப்பில் எல்லா எறிகளையும் நேரடியாகக் காட்ட மாட்டார்கள், ஓட்டம் முடிந்ததும் சிறந்த எறியைத் திரும்பப் போடுவார்கள். நீரஜின் ஆறு எறிகளையும் விடாமல் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் டயமண்ட் லீக் இணையதளத்தின் நேரடி முடிவுப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் அதில் எண் வந்த பிறகுதான் டிவியில் ஈட்டி கிளம்பும்.